லீலா வந்துட்டாளா?

9 ஜனவரி 2025

இன்றைக்கும் லீவா ரயிலைப் பெண்ணாக்கிவிட்டாள். "ரயில் லேட்டா வந்தாள் அக்கா." அவள் ஊரான பெல்ஜியத்தில் ரயில் ஆணோ பெண்ணோ, யார் கண்டது? திருத்தித் திருத்தி என் வாய்தான் வலிக்கிறது. ஆனாலும் வந்த நாலு மாதத்தில் இவள் அளவுக்குப் பேசக் கற்றுக்கொண்டவர்கள் என்னிடம் படித்த வெளிநாட்டுக்காரர்களில் யாரும் இல்லை. மற்றவர்களுக்குப் பாண்டி ஊருக்குள் ஒரு மாடியில் வகுப்பு. இவள் மட்டும் முதலியார்பேட்டைக்கு, என் வீட்டுக்கே சைக்கிளில் வருகிறாள்.

எனக்காக வருகிறாளா, என் மாமியாருக்காக வருகிறாளா என்பதுதான் சந்தேகம். பாடம் அரை மணி. அப்புறம் உள் அறையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அத்தை பேர் ராஜம்மா. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் துணி துவைத்துக் கஞ்சி போட்டவர். 'மேதாம்', 'மெர்சி', பத்து வரைக்கும் எண்ணிக்கை, அவ்வளவுதான் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் அப்படிச் சிரிக்கிறார்கள்!

அவளை 'லீலா' என்று கூப்பிடுகிறார் அத்தை. என்னை? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'இந்தா'. செந்தமிழ்ச்செல்வி என்று எங்கப்பா ஆசையாக வைத்த பேர். "அம்மாம் நீட்டுப் பேர எவ கூப்புடுவா, கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். சுருக்கிக் கூப்பிடத் தெரியாதாமா? வேண்டாம், எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது.

14 ஜனவரி

பொங்கல். லீவா புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கொசுவம் முழுக்கப் பின்னால் போய்விட்டது, இழுத்துச் சரி செய்தேன்.

பதினெட்டாம் தேதி கிளம்புகிறாளாம். கன்னியாகுமரியில் ஆரம்பித்து நாடு முழுக்க ரயிலிலேயே சுற்றி, ஐதராபாத், காசி, கல்கத்தா பார்த்துவிட்டு இங்கேயே திரும்பி வருவாளாம். அத்தை வாயைப் பிளந்தார். "நானு கடலூர் தாண்டுனதில்ல. நீ அம்மாந்தூரமும் ஒண்டியாவா போவ? சீக்கிரம் வந்துடு லீலா. நீ வர்ற வரிக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது."

இவர் கம்பெனியிலிருந்து எட்டு மணிக்கு வருகிறார், பெற்ற பிள்ளை. அவருக்கு ஒரு நாள் இப்படிச் சொன்னதுண்டா?

18 ஜனவரி

அத்தை போய்விட்டார். காப்பி கொண்டுபோனேன். எழுந்திருக்கவில்லை.

19 ஜனவரி

நேற்று நடந்ததை எழுதிவிடணும். மனசு அடங்கவில்லை.

பந்தல் போட்டு, அத்தையை நடுக்கூடத்தில் வைத்திருந்தோம். லீவா முதுகுப்பையோடு வந்தாள். சாயங்காலம் விழுப்புரத்தில் ரயில் பிடிக்கணும் அவளுக்கு. கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஊரே அதைத்தான் பார்த்திருக்கும்.

நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். கை கூப்பினாள். வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா, போயிட்டு வரேன்."

ஒப்பாரி நின்றுவிட்டது. ஒரு கிழவி வாயில் கை வைத்தாள். எதிர்வீட்டு ஆயம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அடிப்பாவி! சாவூட்ல சொல்ற வார்த்தையாடி அது? இப்ப இவ வர்ற வரிக்கும் அது எங்கயும் போவாம காத்துக்கினு கெடக்குமே!"

லீவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற முகம். சரியாகத்தான் சொன்னாள். என் முதல் பாடமே அதுதானே? 'போறேன்னு மட்டும் தமிழ்ல சொல்லக்கூடாது, அது திரும்பி வராதவங்க சொல்றது. போயிட்டு வரேன்னுதான் சொல்லணும், எந்த வீட்டுல இருந்து கிளம்பினாலும்.' சாவு வீட்டில் மட்டும் ஒன்றுமே சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போகணும் என்று சொல்லித்தர எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத் தோன்றும்? பொறந்ததிலேர்ந்து தெரிஞ்ச விஷயம், அதப் போயி பாடமா நடத்துவாங்களா?

27 ஜனவரி

லீவா ஐதராபாத்திலிருந்து வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தாள். எழுத்து வராது, பேச்சுதான்.

"அக்கா, உங்க நாடு முழுக்கக் காத்துக்கிட்டு இருக்கு. ஸ்டேஷன்ல, ஆஸ்பத்திரி வாசல்ல, ரேஷன் கடையில. யாருக்கும் கோபம் இல்ல. எங்க ஊர்ல ரயில் அஞ்சு நிமிஷம் லேட்னா எல்லாரும் கத்துவாங்க. இங்க எட்டு மணி நேரம் லேட்டா வந்தாள், எல்லாரும் அவளுக்கு வழி விட்டாங்க."

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். கன்னியாகுமரியில் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் ஒரு அம்மா, 'எப்ப வர்ற?' என்று கேட்டதாம். ஐதராபாத்திலும் ஒரு அம்மா கேட்டதாம். அதுவும் தமிழில். "எல்லா ஊர்லயும் தமிழ் பேசறாங்க அக்கா!" என்று ஒரே சந்தோஷம்.

2 பிப்ரவரி

கருமாதி முடிந்தது. தலைமாட்டில் ஏற்றிவைத்திருந்த விளக்கை எடுத்துவிட்டோம். அப்பாடா என்று இருந்தது. இப்படி எழுதுவது பாவமா? என் நோட்டு, நான் எழுதுவேன்.

5 பிப்ரவரி

மத்தியானம், நல்ல வெயில். இவர் வேலைக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல அத்தை" என்றேன். இன்னொரு கட்டைப் பிரித்தேன்.

அப்புறம்தான் கை நின்றது.

7 பிப்ரவரி

நேற்றும் கேட்டார். இன்றைக்கும். எட்டிப் பார்த்தால் உள் அறையில் கட்டில், மடித்த பாய், அவ்வளவுதான். ஆனால் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்த துணியின் வாசம். என் வீட்டில் யாரும் துணிக்குக் கஞ்சி போடுவதில்லை.

பயமாக இருந்தது. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அந்த அறையிலிருந்து குரல் வந்தால் என் வாய் தானாகப் பதில் சொல்லியே பழகிவிட்டது.

10 பிப்ரவரி

இன்றைக்குக் கேள்வியோடு நிற்கவில்லை. பேசினார்.

"ஆத்தங்கரையில ஒண்ணு பின்னால ஒண்ணா எரிக்கிறானுங்க. அந்தாண்ட டீ விக்கிறான். அங்க வந்ததெல்லாம் போறதுக்குன்னு வந்ததுங்க. எனக்கு இன்னா அங்க வேல? நானு திரும்பி நின்னுக்கினேன்."

கீரை மாதிரி நானும் வதங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் லீவாவின் குரல் வந்தது, காசியிலிருந்து. "எல்லாரும் கங்கையைப் பாக்கறாங்க அக்கா. படியில அந்த அம்மா மட்டும் கங்கைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என்னைப் பாத்து நின்னாங்க. அவங்களுக்கு என் பேர் தெரியுது. லீலா, எப்ப வர்றன்னு கேட்டாங்க. இது எப்படி?"

அவளை லீலா என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். அது அவளுக்கும் தெரியும். 'பத்திரமா இரு' என்று மட்டும் அனுப்பினேன்.

கடலூர் தாண்டாத மனுஷி காசி வரைக்கும் போய் வந்துவிட்டார்! அவ எங்க போனாலும் பின்னாடியே போவுதா? மத்தியானம் இங்க வந்து எங்கிட்ட சொல்லுதா?

12 பிப்ரவரி

இதை எப்படி எழுதுவது?

சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். "வந்துட்டாளா?" "இல்ல அத்தை." அப்புறம்: "நீ துண்ணியா, செல்வி?"

செல்வி.

கஞ்சி கையில் கொட்டிவிட்டது. எரிச்சல்கூடத் தெரியவில்லை. "துண்ணுட்டேன் அத்தை" என்றேன், இன்னும் சாப்பிடவே இல்லை. உட்கார்ந்து அழுதேன். செத்த அன்றைக்கு வராத அழுகை எல்லாம் சேர்த்து வந்தது. உயிரோட இருந்தப்ப இத ஒரு தடவ கூப்ட்டிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?

ராத்திரி சாப்பாடு ஆனதும் லீவாவுக்குப் பேசி அனுப்பினேன். கல்கத்தா பார்த்துவிட்டு இருபதாம் தேதி திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். 'இவ்ளோ தூரம் வந்துட்டு ராஜஸ்தான் பார்க்காம வருவாங்களா? அங்க போயிட்டு வா' என்றேன்.

அவள் திரும்பி வந்துவிட்டால் அத்தை காத்திருக்க வேண்டியதில்லை, போய்விடுவார். அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

16 பிப்ரவரி

உள் அறையில் சிவப்புத் தரையில் மணல். நம்ம கடற்கரை மணல் இல்லை, மாவு மாதிரி, மஞ்சளாக. கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் பாத அளவுக்குத் திட்டுத் திட்டாக. 'எந்த ஊர் மணல் அத்தை இது?' என்று கேட்டுக்கொண்டே பெருக்கி முறத்தில் அள்ளினேன்.

இவர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தார். "யாராண்ட செல்வி பேசிக்கினு இருக்க?" என்றார். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

என்னைப் பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆபீசரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டையைப் போட்டுக்கொண்டு, உள் அறைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க. "அம்மா, நாந்தான்" என்று ரெண்டு தடவை சொன்னார். வெயில் இறங்கிவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

17 பிப்ரவரி

இவர் கிளம்பியதும் குரல். "ஒட்டகத்துக்கு மூக்குல கயிறு போட்டுருக்கான் பாவி" என்று ஆரம்பித்தார். ஏன் அத்தை நேத்து பேசல என்று கேட்டேன். கேட்காத மாதிரி ஒட்டகத்தைப் பற்றியே பேசினார்.

24 பிப்ரவரி

இப்போதெல்லாம் மத்தியானத்துக்காகத்தான் விடிகிறது. காலை வகுப்பில் மனசு நிற்கவில்லை. ஓடி வந்துவிடுகிறேன்.

"கோதும ரொட்டிய தட்டுல அடுக்கி வைக்கிறான், சோறுன்னா எவனுக்கும் தெரியல." "பனி கொட்டுது, வாயத் தொறந்தா பொக வருது செல்வி." நான் சிரிக்கிறேன், அவரும் சிரிக்கிறார். மாமியாரும் மருமகளும் இப்படி உட்கார்ந்து பேசுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேனா?

லீவா அமிர்தசரஸில் இருக்கிறாள். குரல் கம்மியிருந்தது. "அக்கா, கோயில்ல ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடறாங்க. யாரு, என்ன மதம், யாரும் கேக்கல. எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா எனக்குத் தூக்கம் இல்ல. அந்த அம்மா முதல்ல பிளாட்பாரத்துல இருந்தாங்க. அப்புறம் என் பெட்டியில. இப்ப எதிர் பெர்த்துல. கெட்டவங்க இல்ல. கேக்கறாங்க, கேக்கறாங்க, அவ்ளோதான். ஆனா கண்ணை மூட முடியல. நான் திரும்பி வரட்டா?"

நானும் ஒரு பெண்தானே? அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே? தெரிகிறது. தெரிந்தும் அனுப்பினேன்: 'அஸ்ஸாம் மட்டும் பாத்துட்டு வந்துடு. அங்க பிரம்மபுத்திரா ரொம்ப அழகா இருக்கும்.' நான் செங்கல்பட்டு தாண்டியதில்லை. பிரம்மபுத்திராவை எங்கே பார்த்தேன்?

3 மார்ச்

கௌஹாத்தியிலிருந்து பேசினாள். காய்ச்சல். இருமல் நடுவில் பேச்சு. "உங்க நாடு ரொம்பப் பெரிசு அக்கா. இதுல தொலைஞ்சு போகவே முடியாது, எங்க போனாலும் ஒருத்தர் என்னை எதிர்பாக்கறாங்க. நான் பாண்டிக்கு வரல. கல்கத்தால இருந்து நேரா எங்க ஊருக்குப் போறேன். மன்னிச்சிருங்க."

'போறேன்' என்றாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். இனிமேல் வரவே மாட்டாள், அத்தை எங்கேயும் போக வேண்டியதில்லை, எனக்கே எனக்கு என்று. நான் மனுஷிதானா?

4 மார்ச்

தரையில் இன்றைக்கு மணல் இல்லை. ஈரம். சிவப்புத் தரையில் சிவப்பு தெரியவில்லை. துணி போட்டுத் துடைத்த பிறகுதான் தெரிந்தது, ரத்தம்.

"அத்தை, கால்ல என்ன?"

"செருப்பில்லாம நடக்குறேன்டி. எனக்குத்தான் கால் வீக்கம் தெரியுமே." மூச்சு வாங்கியது. "அவ கப்பலோ ஏரோப்ளானோ ஏறப்போறாளாம். கடலத் தாண்டி எப்பிடி நடப்பேன் செல்வி? எப்ப வுடுவீங்க என்னிய?"

வுடுவீங்க என்றார், என்னையும் சேர்த்து. விடுவாள் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் அவளை ஊர் ஊராகத் துரத்தினேன் என்று. தெரிந்தும் தினமும் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்.

லீவாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுத்ததும் கொட்டிவிட்டேன் — அந்த அம்மா யார், நீ சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம், நான் ஏன் ராஜஸ்தான் போகச் சொன்னேன், எல்லாம். அவள் இருமினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அது ராஜம்மாதானா?" என்றாள். "எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். சொல்லப் பயமா இருந்துச்சு." அப்புறம், "நான் வரேன் அக்கா" என்றாள்.

9 மார்ச்

வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்தெலும்பு தெரிந்தது. என்னால்தான். காலில் விழவேண்டும் போல இருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் நிறுத்தி ரெண்டாவது பாடம் நடத்தினேன். உள்ளே போனதும் வந்துட்டேன்னு சொல்லணும். கிளம்பும்போது ஒன்றும் சொல்லக்கூடாது. தேங்க்ஸ் இல்லை, மெர்சி இல்லை, கை கூப்பக்கூடாது, தலையாட்டக்கூடாது. எழுந்து நேராகப் போகணும். திரும்பிப் பார்க்கக்கூடாது.

"எங்க ஊர்ல நாய்கிட்டகூட அப்படிப் போக மாட்டோம்" என்றாள்.

"இங்க செத்தவங்ககிட்ட மட்டும் போவோம்" என்றேன்.

உள் அறை வாசலில் நின்றாள். "அம்மா, வந்துட்டேன்." கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் லீவா, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் உட்காரச் சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகச் சொன்னாள், ரயில், ரொட்டி, ஒட்டகம், பனி. நடுநடுவே நிறுத்திச் சிரித்தாள், யாரோ பதில் சொல்வதுபோல. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அப்புறம் எழுந்தாள்.

வாசற்படியில் கால் தயங்கியது. உதடு அசைந்தது. என் வாயை நானே பொத்திக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படி இறங்கினாள். தெருமுனை வரைக்கும் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பவில்லை. கெட்டிக்காரி.

நான் உள்ளே வந்தேன். அடுப்படிக்குப் போகக் கால் வரவில்லை. அறை வாசலிலேயே நின்றேன்.

"போறேன், செல்வி."

போயிட்டு வரேன்னு சொல்லுங்க அத்தை — நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் எத்தனை பேரை அந்த இடத்தில் திருத்தியிருக்கிறேன்! பல்லைக் கடித்துக்கொண்டேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே நின்றேன். வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெறும் பினாயில் வாசம் மட்டும் இருந்தது.

10 மார்ச்

ஒன்றுமில்லை.

11 மார்ச்

ஒன்றுமில்லை. நல்லதுதான். நல்லதுதான் என்று எழுதிப் பார்க்கிறேன்.

30 மார்ச்

லீவா ஊர் போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாளாம். காய்ச்சல் விட்டுவிட்டது. "இங்க ரயில் சரியா வருது" என்றாள். ரயிலுக்கு இன்றைக்குச் சரியாகச் சொன்னாள், நான்தான் பாராட்ட மறந்துவிட்டேன்.

இவருக்கு லீவு. உள் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று காலையில் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டார். வெறும் அறையின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்னப் பத்தி எதுனா கேட்டுச்சா?"

"தெனமும் கேட்டாங்க" என்றேன். "எம்புள்ள வந்துட்டானா, துண்ணானான்னு. மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. லீலாவைத் தவிர, கடைசியில் என்னைத் தவிர, யாரையும் கேட்கவில்லை.

"அப்பிடியா" என்றார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு தோசை சாப்பிட்டார்.